சிக்னலில் நின்றால் மட்டும் சூடாகும் கார்: கூலிங் சிஸ்டம் எப்படி வேலை செய்கிறது, எங்கே கெடுகிறது

கேள்வி இதுதான். ஒன்பது வருடம் ஓடிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். பைபாஸில் 80, 90 வேகத்தில் போகும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. ஊருக்குள் டிராஃபிக்கில் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டால், அதிலும் ஏசி ஓடினால், முள் மேலே ஏறுகிறது. மெக்கானிக், "தெர்மோஸ்டாட் வால்வைத் தூக்கிடலாம், நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை" என்கிறார். தூக்கலாமா? இந்த சிஸ்டம் எப்படித்தான் வேலை செய்கிறது?

தூக்க வேண்டாம். ஓடும்போது சரியாக இருந்து, நின்றால் மட்டும் சூடேறுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் காற்றோட்டத்தில் இருக்கும். ஃபேன், அதற்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலே, வேகத்தைக் குறைக்கும் ஃபேன் ரெசிஸ்டர், ரேடியேட்டருக்கு முன்னால் அடைந்திருக்கும் மண் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் என்பது கூலண்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்கு விடும் வால்வு. அது மூடியபடி மாட்டிக்கொண்டிருந்தால் பைபாஸில்தான் முதலில் முள் ஏறியிருக்கும், ஏனென்றால் எஞ்சின் அதிகமாக உழைப்பது அங்கேதான். சூடு எப்போது ஏறுகிறது என்பதை வைத்தே எந்தப் பாகம் என்று பாதிக்கு மேல் சொல்லிவிட முடியும். அதற்கு உள்ளே நடப்பது புரிய வேண்டும்.

சூடு எங்கிருந்து வருகிறது

எரிக்கும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியாகப் போய்விடும். மிச்சம் எஞ்சினின் உலோகத்தில் இறங்கும். சிலிண்டருக்குள் எரியும் வாயு அந்தக் கணத்தில் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் செய்திருக்கும் அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். அது உருகும்வரை பொறுத்திருக்கவும் தேவையில்லை. சிலிண்டர் சுவரின் சூடு 200 டிகிரியை நெருங்கினாலே அதன் மேலுள்ள ஆயில் படலம் நிற்காது. பிஸ்டன் உராய்ந்து இறுகிவிடும்.

அதற்காக எஞ்சினை எவ்வளவுக்கு எவ்வளவு குளிர வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பதும் தவறு. 85 முதல் 105 டிகிரிக்குள் கூலண்ட் இருக்கும்போதுதான் பெட்ரோல் முழுதாக ஆவியாகும், ஆயில் சரியான பதத்தில் ஓடும், பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி கம்பெனி கணக்குப் போட்ட அளவில் நிற்கும். மார்கழிக் காலையிலும் சித்திரை மதியத்திலும் இந்த எல்லைக்குள் எஞ்சினை வைத்திருப்பதுதான் கூலிங் சிஸ்டத்தின் வேலை.

கூலண்ட் போகும் வழி

வாட்டர் பம்ப் பெல்ட்டில் சுற்றும். சில எஞ்சின்களில் டைமிங் பெல்ட்டே அதையும் சுற்றும். உள்ளே இருப்பது ஒரு இதழ்ச் சக்கரம் (இம்பெல்லர்), அவ்வளவுதான். அது கூலண்டை பிளாக்கில் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள வழிகளுக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து இடையிலுள்ள கேஸ்கெட் தகட்டின் துளைகள் வழியே ஹெட்டுக்கு ஏறி, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றி வந்து வெளியேறுகிறது. எஞ்சினிலேயே மிகவும் சூடான இடம் அந்த எக்ஸாஸ்ட் வால்வுகளின் பக்கம்தான்.

வெளியே வந்தால் இரண்டு பாதை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். கூலண்ட், பைபாஸ் எனப்படும் குறுக்குக் குழாய் வழியாகவும், டேஷ்போர்டுக்குப் பின்னாலிருக்கும் ஹீட்டர் கோர் வழியாகவும் சுற்றி நேராகப் பம்புக்கே திரும்பிவிடும். சூடேறியதும் தெர்மோஸ்டாட் திறக்கும். அப்போதுதான் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், மெல்லிய குழாய்களில் பாய்ந்து, கீழ் ஹோஸ் வழியே பம்புக்கு வரும். சிறிய கார்களில் மொத்தக் கூலண்ட் 4, 5 லிட்டர்தான் இருக்கும். பெரிய டீசல் வண்டிகளில் 8 லிட்டருக்கு மேல் போகும். இந்த 4, 5 லிட்டர்தான் நிமிடத்துக்குப் பல முறை சுற்றிச் சுற்றி வருகிறது. அரை லிட்டர் குறைந்தால்கூட அதன் விளைவு தெரிவது இதனால்தான்.

பம்ப் இல்லாமலும் ஒரு காலத்தில் வேலை நடந்திருக்கிறது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் முதல் 2,500 வண்டிகளுக்குப் பிறகு பம்பையே எடுத்துவிட்டார்கள். சூடான தண்ணீர் மேலே எழும்பும், குளிர்ந்தது கீழே இறங்கும், அந்தச் சுழற்சியே போதும் என்று விட்டார்கள். சுமார் 20 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது போதுமானதாகவும் இருந்தது. இன்று அதே அளவு எஞ்சினிலிருந்து பல மடங்கு சக்தியை எடுக்கிறோம், இடமோ அதைவிடக் குறைவு. பம்ப் இல்லாமல் ஒரு மேடுகூட ஏற முடியாது.

தெர்மோஸ்டாட்: பாவம், எல்லாப் பழியும் இதன் மேல்தான்

ஒரு சின்னப் பித்தளைக் குப்பி. அதற்குள் குறிப்பிட்ட சூட்டில் உருகும் மெழுகு. உருகும்போது மெழுகு விரிந்து ஒரு ஊசியைத் தள்ளும், ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வு திறக்கும். குளிர்ந்தால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. திறக்கத் தொடங்கும் சூடு அதன் மேலேயே பொறித்திருக்கும். 82 அல்லது 88 என்ற எண்கள் அதிகம் தென்படும். அதிலிருந்து பத்து, பதினைந்து டிகிரி ஏறும்போது முழுதாகத் திறந்துவிடும்.

சோதிப்பதும் சுலபம். கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் படக் கூடாது, பட்டால் அடுப்பின் சூடு நேராக ஏறித் தப்பாகக் காட்டும். தெர்மாமீட்டரும் அதே ஆழத்தில் இருக்கட்டும். பொறித்திருக்கும் எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதி நிலைக்கு வருவதற்குள் 8 மி.மீ. அளவுக்குத் திறந்தால் அது நல்ல தெர்மோஸ்டாட். ஆற வைத்ததும் முழுதாக மூடவும் வேண்டும்.

இதைத் தூக்கிவிட்டால் என்ன? கூலண்ட் எப்போதும் ரேடியேட்டருக்கே போகும். பைபாஸ் ரோட்டில் காற்று பலமாக அடிக்கும்போது எஞ்சின் 60, 65 டிகிரியிலேயே கிடக்கும். எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து இசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், கூடுதலாகப் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கிக் கசடாகும். செக் எஞ்சின் விளக்கும் எரியலாம். இந்தத் தேய்மானம் ஒரே நாளில் தெரியாது, அதனால்தான் "தூக்கிட்டோம், நல்லா ஓடுது" என்று சொல்ல முடிகிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் இரண்டாவதாக ஒரு தட்டு உண்டு. மேல் வால்வு திறக்கும்போது இந்தத் தட்டு பைபாஸ் குழாயை அடைக்கும். அப்படிப்பட்ட எஞ்சினில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்தே இருக்கும். சூடான கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் பம்புக்குத் திரும்பும். சூட்டைக் குறைக்க எடுத்த வால்வு, டிராஃபிக்கில் சூட்டை இன்னும் கூட்டிவிடும். உங்கள் கார் விஷயத்தில் நான் பயப்படுவது இதற்குத்தான்.

புதிதாகப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதன் விளிம்பில் ஆடும் சின்ன ஊசியொன்று இருந்தால் அது மேல் பக்கம் வர வேண்டும். உள்ளே சிக்கும் காற்று வெளியேற அதுதான் வழி.

கேப் வெறும் மூடி அல்ல

கூலிங் சிஸ்டத்தில் விலை மிகக் குறைந்த பாகம், கவனிக்கப்படாத பாகமும் இதுதான். கேப்பின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். 88, 108 என்று கிலோபாஸ்கலிலும் இருக்கலாம். சூடேறி விரியும் கூலண்டை அந்த அளவு பிரஷர் வரும்வரை உள்ளேயே அடைத்து வைக்கும். வீட்டுக் குக்கரின் தத்துவமேதான். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1.1 பார் கூடுதல் பிரஷரில் 121 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் அந்த எல்லை 130-ஐ ஒட்டிப் போகும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய இடங்களில் உலோகத்தின் சூடு கூலண்டின் சராசரிச் சூட்டைவிட மிக அதிகம். பிரஷர் இல்லாவிட்டால் அங்கே ஆவிக் குமிழ்கள் உண்டாகி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆவி சூட்டை எடுத்துப் போகாது. மீட்டரில் முள் நடுவில் இருக்கும்போதே அந்த ஒரு இடம் மட்டும் காய்ந்து விரிசல் விட ஆரம்பிக்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் வண்டிகளை நினைத்துப் பாருங்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கேப் ரப்பர் வெடித்திருக்கும் வண்டி, தரையில் ஒரு தொல்லையும் தராமல் ஓடியிருக்கலாம். இரண்டாம் கியரில் மேடு ஏறும்போது சூடும் அதிகம், கொதிநிலையும் குறைவு. அங்கேதான் பானட்டுக்கு அடியிலிருந்து ஆவி வரும். நல்ல கேப் போட்டிருந்தால் அதே உயரத்திலும் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை தாங்கும்.

கேப்புக்குள் இன்னொரு குட்டி வால்வு உண்டு. எஞ்சின் ஆறும்போது கூலண்ட் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது இந்த வால்வு திறந்து, ரிசர்வ் பாட்டிலுக்குப் போன கூலண்டை மறுபடி உள்ளே இழுக்கும். அது அடைத்துக்கொண்டால் காலையில் பார்க்கும்போது மேல் ஹோஸ் சப்பிப் போயிருக்கும், பாட்டில் நிறைந்திருக்கும், ரேடியேட்டரிலோ குறைந்திருக்கும். பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டுக் கூலண்ட் இருக்கிறது என்று நம்புபவர்கள் ஏமாறுவது இப்படித்தான். மாதம் ஒரு முறை, எஞ்சின் முழுதாக ஆறியபின், ரேடியேட்டர் கேப்பையே திறந்து உள்ளே பாருங்கள். ரேடியேட்டரில் கேப் இல்லாமல் பிளாஸ்டிக் டேங்கின் மேலேயே பிரஷர் கேப் இருக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் டேங்க் அளவே உண்மையான அளவு.

ஃபேன்: உங்கள் வண்டியில் பார்க்க வேண்டிய இடம்

ரேடியேட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் இதழ்களுக்கு நடுவே காற்று போனால்தான் சூடு வெளியேறும். 40 கி.மீ. வேகத்துக்கு மேல் எதிர்க்காற்றே போதும், ஃபேன் சுற்றத் தேவையே வராது. நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. பெரும்பாலான கார்களில் கூலண்ட் 95 டிகிரியை ஒட்டியதும் இசியூ ஃபேனைப் போடும், சில டிகிரி குறைந்ததும் நிறுத்தும். ஏசி போட்டால், அதன் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்காகத் தனியாகவும் போடும். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சர் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஏசி ஓடும்போது அதன் சூட்டைச் சுமந்த காற்றுதான் ரேடியேட்டருக்கு வரும். உங்கள் முள் ஏசியோடு சேர்ந்து ஏறுவதற்குக் காரணம் இது.

சோதனையை இப்படித் தொடங்குங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஏசி போடுங்கள். சிறிது நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பானட்டுக்கு அடியிலுள்ள பெட்டியில் ஃபேன் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு அதே எண் உள்ள வேறொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் சுற்றாவிட்டால் எஞ்சினை நிறுத்தி, ஃபேன் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டை நேராக மோட்டாருக்குக் கொடுங்கள். பழைய மோட்டாரில் பிரஷ் தேய்ந்திருந்தால் சுற்றாது, அல்லது தட்டினால் மட்டும் சுற்றும், அல்லது சோம்பலாகச் சுற்றும். சோம்பலாகச் சுற்றுவதுதான் மோசம். பார்ப்பவர் "ஃபேன் ஓடுது" என்று சொல்லிவிடுவார். கிரில்லுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். ஏசி கண்டென்சரில் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் காற்று போதவில்லை. வெளியே தள்ளப்பட்டால் யாரோ மோட்டார் வயரை மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது.

இரண்டு வேகம் உள்ள ஃபேனில் குறைந்த வேகம் ஒரு ரெசிஸ்டர் வழியாக வரும். ஃபேன் ஃபிரேமிலேயே இருக்கும் அந்த ரெசிஸ்டர் எரிந்துபோனால் குறைந்த வேகம் போய்விடும். கூலண்ட் நன்றாகச் சூடேறியபிறகு அதிக வேகத்தில் மட்டும் சீறிக்கொண்டு சுற்றும். முள் ஏறி, பெரிய சத்தம் வந்து, இறங்கி, மறுபடி ஏறினால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் இருக்க வேண்டும்.

ஃபேன் சரியென்றால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்பது வருட மண், பூச்சி, பஞ்சு அங்கே கம்பளி போலப் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் மெல்லிய இதழ்கள் மடங்கிப் படுத்துவிடும், இருந்த வழியும் அடைந்துவிடும். ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்து போயிருந்தால் அதையும் மாற்றுங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேரெதிரே உள்ள வட்டத்திலிருந்து மட்டும் காற்றை இழுக்கும், ரேடியேட்டரின் மூலைகள் சும்மா கிடக்கும்.

தண்ணீரா, கூலண்டா

சூட்டை எடுத்துப் போவதில் தண்ணீரை மிஞ்ச ஒன்றும் இல்லை. பாதிக்குப் பாதி கலவையைவிட வெறும் தண்ணீர்தான் லிட்டருக்கு அதிகச் சூட்டைச் சுமக்கும். பிறகு ஏன் கூலண்ட்? கொதிநிலையைக் கூட்டுவதற்கு. அதைவிட முக்கியமாக, துருப்பிடிக்காமல் காப்பதற்கு. வார்ப்பிரும்பு, அலுமினியம், பித்தளை, ஈயப்பற்று எல்லாம் ஒரே தண்ணீரில் நனைந்தால் அது ஒரு பேட்டரி போல வேலை செய்து வலுக்குறைந்த உலோகத்தை அரிக்கும். கூலண்டில் உள்ள தடுப்பு ரசாயனங்கள் அதை நிறுத்துகின்றன. பனி உறையாத ஊரில் ஆன்டிஃப்ரீஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

குழாய்த் தண்ணீரில், குறிப்பாக நம் போர் தண்ணீரில், சுண்ணாம்பு அதிகம். சூடேறும்போது அது கரைந்திருக்காமல் படியும். அதுவும் மிகச் சூடான இடங்களில்தான் முதலில் படியும், அதாவது சூட்டை எடுக்க வேண்டிய அதே இடங்களில். வீட்டு ஹீட்டர் ராடில் வெள்ளையாகப் படிவது ஹெட்டுக்குள்ளும் படிகிறது. உப்புத் தண்ணீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் ஊசித் துளை போடும். எனவே டிஸ்டில்டு வாட்டர் மட்டும். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி வாட்டர் அதற்குப் போதும். வழியில் வேறு வழியே இல்லையென்றால் கேன் தண்ணீர் ஊற்றி வீடு சேரலாம், பிறகு மாற்றிவிட வேண்டும்.

கலவை 50 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. வெயில் ஊர்களுக்கு 30 சதவீதமே போதும் என்று சொல்லும் மேனுவல்களும் உண்டு, உங்கள் மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை. வாங்கும் டப்பாவில் அப்படியே ஊற்றலாம் என்று எழுதியிருக்கிறதா, கலக்க வேண்டிய கான்சென்ட்ரேட்டா என்று பார்த்து வாங்குங்கள். கலக்கிய கூலண்டில் மறுபடி பாதித் தண்ணீர் சேர்ப்பதும், கான்சென்ட்ரேட்டை அப்படியே நிரப்புவதும் அடிக்கடி நடக்கும் தவறுகள். கான்சென்ட்ரேட் மட்டும் நிரப்பினால் பாதுகாப்பு கூடாது, சூட்டைச் சுமக்கும் திறன்தான் குறையும்.

நிறத்தை நம்ப வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம்தான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய வகைக் கூலண்டுக்கு இரண்டு வருடம் அல்லது 40,000 கி.மீ. ஆயுள். ஆர்கானிக் அமில வகைக்கு ஐந்து வருடம் வரை. இந்த இரண்டு வகையையும் கலந்தால் ஒன்றின் பாதுகாப்பை மற்றொன்று கெடுக்கும், சில சமயம் கூழ் போலத் திரண்டு மெல்லிய குழாய்களை அடைக்கும். கூலண்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். வடித்ததைத் தரையில் விடாதீர்கள். தெரு நாய் நக்கினால் அதன் சிறுநீரகம் போய்விடும். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் மீதி டப்பாவையும் வைக்கக் கூடாது.

ஒழுக்குக்கு மஞ்சள்தூள், சோப்பு, டப்பாவில் வரும் லீக் ஸ்டாப் எதையும் ஊற்ற வேண்டாம். ஓட்டையை அடைக்கும் பொருளுக்கு எது ஓட்டை, எது ரேடியேட்டர் குழாய் என்று தெரியாது.

எப்போது சூடாகிறது என்று கேளுங்கள்

நின்றால் சூடு, ஓடினால் சரி: காற்று. வேகத்திலும் மேட்டிலும் சூடு, நின்றால் சரி: கூலண்டின் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்கலாம், பம்ப் இம்பெல்லர் அரித்துப் போயிருக்கலாம், கீழ் ஹோஸ் மெலிந்து பம்பின் இழுவையில் ஒட்டிக்கொள்ளலாம். உள் அடைப்பைக் கண்டுபிடிக்க, எஞ்சின் சூடானபின் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முழுக்க நகர்த்திப் பாருங்கள். சூடு ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டமில்லை.

ஸ்டார்ட் செய்து ஐந்தே நிமிடத்தில் ஏறினால் கூலண்ட் இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடி நின்றுவிட்டது. மேல் ஹோஸைத் தொட்டால் இரண்டாவதில் அது வெகுநேரம் ஆறியே கிடக்கும். முள் திடீரென ஏறி, திடீரென விழுந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. கூலண்ட் முழுதும் வடிந்துவிட்டால் முள் ஏறாமல் இறங்கவும் கூடும். சென்சார் கூலண்டில் நனைந்தால்தான் சரியாகச் சொல்லும், காற்றில் நின்றால் பொய் சொல்லும். ஹீட்டரில் சூடு வராமல் குளிர் காற்று வந்தால் முள்ளை நம்பாமல் உடனே நிறுத்துங்கள்.

அந்த முள்ளே ஒரு சமாதானப் பேர்வழிதான். ஓட்டுபவர் பயப்படக் கூடாது என்று பல கார்களில் 80-லிருந்து 105 வரை நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது அசையும்போது நிலைமை முற்றியிருக்கும். இசியூ அளப்பதைப் படித்துக் காட்டும் ஒரு மலிவான ஓபிடி கருவி வாங்கி மொபைலில் உண்மையான டிகிரியைப் பார்ப்பது உங்களைப் போலச் சந்தேகத்தில் இருப்பவருக்கு நல்ல முதலீடு. டிராஃபிக்கில் 95-க்கும் 100-க்கும் நடுவே ஏறி இறங்கினால் ஃபேன் வேலை செய்கிறது. 105-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் செய்யவில்லை.

ஒழுக்கே தெரியாமல் கூலண்ட் குறைந்தால், ஆறிய எஞ்சினில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, கேப்பில் எழுதிய அளவுக்குப் பம்ப் செய்து 15 நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். டெஸ்டரின் முள் இறங்கினால் எங்கோ போகிறது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து வழிந்த காய்ந்த தடம் தெரிந்தால் பம்ப் சீல் போய்விட்டது. பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் மடிப்பு ஒழுக்குக்குப் பிடித்த இன்னொரு இடம்.

வெளியே எங்கும் இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டை நினைக்க வேண்டியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே ஹோஸ் கல் போல இறுகினால், திறந்த ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால், சைலன்சரில் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், ஆயில் காபி நிறமானால் வண்டியை ஓட்டாதீர்கள். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். அதிகம் காய்ந்த ஹெட் வளைந்துபோவது அதனால்தான். ஸ்கேலும், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான சிறிய எஞ்சின்களுக்கு 0.05 மி.மீ. வளைவே எல்லை. அதைத் தாண்டினால் லேத்தில் ஃபேசிங் போட வேண்டும்.

வழியில் முள் ஏறினால்

ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். கொடுமையாகத்தான் இருக்கும், ஆனால் அது ஒரு கூடுதல் குட்டி ரேடியேட்டர். ஓரம் கட்டுங்கள். முள் சிவப்பைத் தொட்டிருந்தால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குக் கேப்பில் கை வைக்கக் கூடாது. உள்ளே 110 டிகிரியில் பிரஷரில் அடங்கியிருக்கும் தண்ணீர், கேப் திறந்த அந்தக் கணத்தில் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். துணி சுற்றித் திறந்தாலும் காப்பாற்றாது. மேல் ஹோஸைப் பிடித்து அமுக்கினால் மெத்தென்று இருக்கும்வரை காத்திருங்கள். காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும்.

கூலண்ட் மாற்றும்போது

ரேடியேட்டர் அடியிலுள்ள பிளக்கைத் திறந்து வடித்தால் எல்லாம் வராது. பிளாக்கில் ஒன்று, ஒன்றரை லிட்டர் தங்கும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஆற வைத்து வடிப்பதை நிறமற்ற தண்ணீர் வரும்வரை செய்யுங்கள். பிறகு உள்ளே தங்கியிருப்பது வெறும் தண்ணீர் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். மொத்தம் 5 லிட்டர் பிடிக்கும் வண்டிக்குப் பாதிக்குப் பாதி வேண்டுமானால், முதலில் கான்சென்ட்ரேட் இரண்டரை லிட்டரை ஊற்றிவிட்டு, மீதி இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். முன்கூட்டியே கலந்ததை ஊற்றினால் உள்ளே இருக்கும் தண்ணீரோடு சேர்ந்து நீர்த்துப்போகும்.

முன்பக்கம் சற்று உயரமாக நிற்கும்படி வண்டியை நிறுத்துங்கள். ஹீட்டரைச் சூட்டில் வையுங்கள். ஏர் பிளீட் ஸ்குரு இருந்தால் திறந்து, குமிழி இல்லாமல் கூலண்ட் வரும்வரை மெதுவாக ஊற்றி மூடுங்கள். கேப் இல்லாமல் ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கி விட்டுக்கொண்டே இருந்தால் குமிழிகள் வெளியேறும், அளவு இறங்கும், இறங்க இறங்க ஊற்றுங்கள். கூலண்ட் விரிந்து கழுத்துக்கு ஏற ஆரம்பித்ததும் கேப்பைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை ஓடவிடுங்கள். இரவு முழுக்க ஆறட்டும். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் கேப்பைத் திறந்தால் பெரும்பாலும் கால் லிட்டர் குறைந்திருக்கும். அதை நிரப்பி, ரிசர்வ் பாட்டிலை மேல் கோட்டுக்குக் கொண்டுவந்து, அடுத்த ஒரு வாரம் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள்.